போர் தண்ணீர் வாளியில் ஏன் மஞ்சளாகிறது?

மோட்டாரைப் போட்டு ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் லேசான மஞ்சள். மறுநாள் காலையில் அடியில் செம்மண்ணைக் கரைத்தது போல வண்டல், மேலே மெல்லிய ஆடை. எல்லா ஊரிலும் இப்படி ஆவதில்லை. ஆகிற ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. பிளம்பரைக் கேட்டால் "இரும்பு ஜாஸ்தி சார்" என்பார். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். இரும்பு எங்கும்தான் இருக்கிறது; செம்மண் சிவப்பாக இருப்பதே அதனால்தான். பக்கத்துத் தெரு போரில் வராத இரும்பு இங்கே மட்டும் ஏன் கரைந்து வருகிறது? கரைந்து வந்தது வாளிக்கு வந்ததும் ஏன் திரிகிறது?

மீதிப் பதில் நிலத்தடியில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அவை எதைத் தின்கின்றன என்பதைவிட, எதை வைத்து மூச்சு விடுகின்றன என்று கேட்பதுதான் இங்கே பலன் தரும். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மஞ்சள் நீர், கூமுட்டை நாற்றம், யாழ்ப்பாணத்துக் கிணற்று நைட்ரேட், வங்காளத்து ஆர்சனிக் நஞ்சு எல்லாம் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

இருட்டில் யார் இருக்கிறார்கள்?

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்குள் ஒரு ஏரியோ ஆறோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறைக் குகைகள் உள்ள சில இடங்களைத் தவிர, அது மணலுக்கும் சரளைக்கும் இடையிலுள்ள இண்டு இடுக்குகளில், பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்கும் நீர். ஈர மணலை ஒரு பாத்திரத்தில் அமுக்கி வைத்தது போல. இப்படி நீரைத் தாங்கி நிற்கும் அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர்.

அங்கே வெயில் இல்லை, அதனால் செடியும் பாசியும் இல்லை. ஆனாலும் உயிர் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் நிலத்தடி நீரில் சில ஆயிரம் முதல் சில லட்சம் வரை நுண்ணுயிர்கள் இருப்பது சாதாரணம். அதுவும் நீரில் மிதப்பவை மட்டும்தான். பெரும்பாலானவை மணற்பரல்மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நம்மைப் பிடிக்கும் நோய்க்கிருமிகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவை அந்த இருட்டுக்கென்றே பழகியவை. ஆய்வகத்தில் நன்றாகத் தீனி போட்டால் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். நிலத்தடியில் பல உயிர்களுக்கு அதே வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவற்றுக்கு வருடங்கள்கூட. அவ்வளவு பஞ்சம்.

தீனி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மேலே இருந்துதான். மக்கிய இலை, வேர், சாணம், செப்டிக் டேங்க் கசிவு ஆகியவற்றின் கரைந்த மிச்சம் மழைநீரோடு இறங்குகிறது. வண்டல் படிந்த காலத்திலேயே புதைந்துபோன பழைய தாவர மிச்சமும் உண்டு. கேரளத்தில் செம்பூரான் கல் நிலத்துக் கிணறுகளில் எப்போதாவது, விரல் நீளம்கூட இல்லாத, கண் இல்லாத சிவப்புக் கெளுத்தி மீன் ஒன்று வாளியோடு மேலே வந்துவிடும். கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த அந்த மீனை 1950-இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். அந்த இருட்டில் ஒரு மீனே காலம் தள்ளுகிறது என்றால் உணவுச் சங்கிலியின் அடியில் யாரோ உழைக்கிறார்கள் என்று அர்த்தம்.

சந்தையில் விலை போகும் எலக்ட்ரான்

இனி மூச்சுக்கு வருவோம். உணவைச் செரிப்பது என்றால் வேதியியல் மொழியில் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பது. பிரித்த எலக்ட்ரானைக் கையிலேயே வைத்திருக்க முடியாது, யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். தள்ளிவிடும்போதுதான் ஆற்றல் கிடைக்கிறது. நாம் மூச்சிழுத்து உள்ளே அனுப்பும் ஆக்சிஜனின் வேலையே இதை வாங்கிக்கொள்வதுதான். எலக்ட்ரானை வாங்கிய ஆக்சிஜன் தண்ணீராகிவிடுகிறது.

கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகும் விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நல்ல விலை தரும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கிறவரை யாரும் அடுத்தவரிடம் போக மாட்டார்கள். அவர் பணம் தீர்ந்து கிளம்பிவிட்டால் அதற்கடுத்த விலை தருபவர், அவரும் போனால் அதற்கும் கீழே. மூட்டையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகவா முடியும்?

நிலத்தடிச் சந்தையில் முதல் வியாபாரி ஆக்சிஜன். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராம் அளவுதான் அது கரையும். மேலே காற்றோடு தொடர்பு அறுந்துவிட்டால் புதுச் சரக்கு வருவதில்லை. தீனி கொஞ்சம் அதிகமானாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்தவர் நைட்ரேட். நுண்ணுயிர்கள் இதைச் 'சுவாசித்து' நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. அப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அதற்கும் கீழே சல்பேட். எல்லாரும் போன பிறகு கரியமில வாயு. அதோடு மூச்சு விடுபவை வெளியே விடுவது மீத்தேன். வரிசை இவ்வளவு கறாராக எப்போதும் இருப்பதில்லை, இரண்டு மூன்று கடைகள் ஒரே நேரத்தில் திறந்திருப்பதும் உண்டு. ஆனாலும் ஒரு கிணற்று நீரைப் பார்த்துச் சந்தை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்போது வாளிக்குத் திரும்புவோம். மணற்பரலைச் சுற்றி துரு போல ஒரு பூச்சு இருக்கும். மணலுக்குப் பழுப்பு, செம்மஞ்சள் நிறம் தருவது அதுதான். துரு நீரில் கரையாது. ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் எலக்ட்ரானை இந்தத் துருவின்மேல் இறக்குகின்றன. எலக்ட்ரானை வாங்கிய இரும்பு வேறு வடிவத்துக்கு மாறி நீரில் கரைகிறது. கரைந்த இரும்புக்கு நிறமில்லை. அதனால்தான் குழாயில் தெளிவாக வருகிறது. வாளியில் காற்று பட்டதும் ஆக்சிஜன் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு மறுபடி துருவாகி அடியில் படிகிறது. ஆக, மஞ்சள் வாளி சொல்லும் சேதி: உங்கள் போர் நீர் எடுக்கும் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை.

நுண்ணுயிரின் உடம்புக்குள் நுழையவே முடியாத திடப்பொருள் துரு. அதை எப்படிச் சுவாசிப்பது? 1987-இல் அமெரிக்காவின் போடோமாக் ஆற்று வண்டலிலிருந்து டெரெக் லவ்லி பிரித்தெடுத்த ஜியோபாக்டர் வகை உயிரிகள் எலக்ட்ரானைத் தம் உடம்புக்கு வெளியே கடத்திக்கொண்டு போய் இரும்புத் துகளில் சேர்க்கின்றன. மூக்கை வெளியே நீட்டி மூச்சு விடுவது மாதிரி. இதைப் படித்த நாளிலிருந்து செம்மண் சுவரைப் பார்த்தால் 'இதுவும் ஒருத்தர் மூச்சுக்காற்று' என்று தோன்றுகிறது எனக்கு.

கூமுட்டை நாற்றம் இன்னும் ஒரு படி கீழே. சல்பேட்டைச் சுவாசிக்கும் உயிரிகள் வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. நம் மூக்கு இதை மிகமிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும். காலையில் முதல் குழாய் நீர் மட்டும் நாறினால் இரவெல்லாம் பைப்பில் தேங்கிய நீரில் நடந்த வேலையாக இருக்கலாம். குளிர்ந்த நீர் நன்றாக இருந்து வெந்நீர் மட்டும் நாறினால் கிணற்றைத் திட்ட வேண்டாம், கீசரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துருப்பிடிக்காமலிருக்க வைத்திருக்கும் மக்னீசியக் கம்பி இந்த உயிரிகளுக்கு வசதி செய்து தருவதுண்டு.

ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவர் சோறு

சந்தை உவமை இதுவரை ஒரு திசையில்தான் ஓடியது. சுழற்சி என்று சொல்ல வேண்டுமானால் திரும்பி வரும் பாதையும் வேண்டும். அதைக் கண்டவர் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1880-களின் பிற்பகுதியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கந்தக நீரூற்றுப் பாக்டீரியாக்களையும் இரும்புப் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்தபோது, வெயிலும் வேண்டாம், சோறும் வேண்டாம், கந்தகத்தையும் இரும்பையும் ஆக்சிஜனோடு சேர்த்தே பிழைக்கும் உயிர்கள் உண்டு என்று சொன்னார். கீழே ஒரு கூட்டம் கழித்துவிட்ட கரைந்த இரும்பு, மேலே ஆக்சிஜன் எட்டிப்பார்க்கும் எல்லையில் இன்னொரு கூட்டத்துக்குத் தீனி.

அந்த எல்லை எங்கே அமைகிறது தெரியுமா? பல சமயம் நம் போர்வெல் கேசிங் பைப்பிலேயே. கீழிருந்து இரும்பு, மேலிருந்து காற்று. கேலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் போன்ற இரும்புப் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்து. முறுக்கிய நூல் போலவும் உறை போலவும் துருவைச் சுரந்து, ஆரஞ்சு நிறக் கூழாகக் கேசிங் துளைகளையும் பம்பையும் அடைக்கும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஆழத்தைக் கூட்டுவதற்கு முன், உண்மையில் நீர் குறைந்ததா, துளை அடைத்ததா என்று பார்ப்பது நல்லது. கம்ப்ரசர் வைத்துச் சுத்தம் செய்வது, பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாம் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். விருந்து தொடர்கிற வரை அவை திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும்.

ஃபிளஷ் டேங்க்கைத் திறந்தால் நீர்மேல் எண்ணெய் போல வானவில் படலம் தெரிகிறதா? ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் படலம். சுழன்று மறுபடி கூடிக்கொண்டால் உண்மையிலேயே எண்ணெய்.

பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கமும் இந்தச் சுவாசக் கணக்கோடு சேர்ந்ததுதான். மக்கும் குப்பை கிடக்கும் கிணற்றில் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்பிவிடும், விளக்கு அணையும். ஆனால் விளக்கு எரிகிறது என்பதற்காக இறங்கிவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டாது, மீத்தேன் இருந்தால் தீயே ஆபத்து.

யாழ்ப்பாணம்: முதல் படியில் நின்றுபோன கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீர்மேல் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இதைக் காணலாம். குடிப்பதும் இறைப்பதும் எல்லாம் கிணறுதான்.

குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு யூரியா போடுகிறார்கள். வீட்டுக்கு வீடு மலக்குழி. யூரியாவும் சிறுநீரும் சிதைந்து அம்மோனியா ஆகும். அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்க, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டு வேலைக்கும் ஆக்சிஜன் வேண்டும், மேல்மண்ணில் அது தாராளமாக இருக்கிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. மழையோடும் பாய்ச்சிய நீரோடும் நேராகக் கிணற்றுக்குப் போய்ச்சேரும். பாஸ்பேட் இப்படியில்லை, சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டி வழியிலேயே தங்கிவிடும்.

அடுத்த படி நடந்தால் பிரச்சினை தீர்ந்தது: நைட்ரேட்டைச் சுவாசிக்கும் உயிரிகள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். ஆனால் முதல் வியாபாரி இருக்கும்வரை இரண்டாமவரிடம் யார் போவார்கள்? மெல்லிய மண்ணையும் பாறைப் பிளவுகளையும் தாண்டி நீர் விரைவாக இறங்குகிறது. ஆக்சிஜன் தீரும் அளவுக்குக் கீழே தீனியும் இல்லை. அதனால் நைட்ரேட் அப்படியே நிற்கிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை அது தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் வந்த செய்தி.

அந்த எல்லை கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரிப்பதை 1945-இல் அமெரிக்காவின் அயோவாவிலிருந்து ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார். நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கிறது. இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும்.

வங்காளம்: மூன்று படி இறங்கிவிட்ட கணக்கு

கங்கை, பிரம்மபுத்திரா வண்டலில் கதை நேர் எதிர். இமயத்திலிருந்து அரித்து வந்த மண்ணில் ஆர்சனிக் மிகச் சிறிய அளவில் இருந்தது. அது இரும்புத் துருப் பூச்சில் ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடந்தது. அந்த வண்டலோடு சேர்ந்து ஏராளமான தாவர மிச்சமும் புதைந்தது. தீனிக்குப் பஞ்சமில்லை, ஆக்சிஜன் போனது, நைட்ரேட் போனது, இரும்பின் முறை வந்தது. நுண்ணுயிர்கள் துருவைச் சுவாசிக்க, துரு கரைந்தது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்கு வந்தது. நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

குளத்து நீரால் வரும் பேதியிலிருந்து மக்களைக் காப்பாற்ற நல்ல எண்ணத்தோடு 1970-களில் பங்களாதேஷ் முழுவதும் அடிகுழாய்கள் போட்டார்கள். பேதிக் கிருமியைத் தேடிய கண்ணுக்கு அந்த நீர் சுத்தமாகவே தெரிந்தது. 1983-இல் கொல்கத்தாவில் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவர், மேற்கு வங்கக் கிராமத்தவர் தோலில் கண்ட கரும்புள்ளிகளும் தடிப்புகளும் ஆர்சனிக்கால் வந்தவை என்று அடையாளம் கண்டார். பங்களாதேஷில் 1993-இல் தெரியவந்தது. 1990-களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ 3,500 கிணறுகளைச் சோதித்தபோது, ஆழம் குறைந்தவற்றில் நான்கில் ஒன்று அந்நாட்டு எல்லையான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையோ 10 தான்.

நுண்ணுயிர்தான் இதைச் செய்கிறது என்பதற்கு நேரடிச் சான்று 2004-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோனதன் லாய்டு குழுவிடமிருந்து வந்தது. மேற்கு வங்க வண்டலைக் காற்றுப் புகாமல் அடைத்துத் தீனி கொடுத்தார்கள். முதலில் இரும்பு கரைந்தது, அதன் பின் ஆர்சனிக் வந்தது. கிருமி நீக்கிய வண்டலில் அப்படி நடக்கவில்லை. தீனி பழைய புதைவா, இன்றைய குளங்களிலிருந்து இறங்குவதா என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட வாதம் உண்டு.

பங்களாதேஷில் குழாய் இறக்கும் தொழிலாளர்கள் மணலை நிறத்தால் பிரித்துப் பேசுவார்கள். சாம்பல், கறுப்பு மணல் என்றால் துருப் பூச்சு போய்விட்டது, ஆர்சனிக் வர வாய்ப்பு அதிகம். செம்மஞ்சள் மணல் என்றால் துரு இன்னும் ஒட்டியிருக்கிறது, பெரும்பாலும் நீர் நல்லது. நம் வாளி சொன்ன அதே பாடம், அங்கே உயிர் காக்கும் அடையாளம்.

யாழ்ப்பாணத்தையும் வங்காளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம் புரியும். நைட்ரேட் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் இரும்புக்கு வரமாட்டா. அதனால் நைட்ரேட் மிகுந்த நீரில் இந்த வழியாக ஆர்சனிக் கரைவது அரிது. நைட்ரேட்டை அழிக்கட்டும் என்று தீனி சேர்த்தால் அளவு மீறும்போது இரும்பும், மண்ணில் இருந்தால் ஆர்சனிக்கும் கிளம்பும். சரி, ஆக்சிஜனைச் செலுத்தினால் எல்லாம் சரியாகுமா? அமெரிக்காவின் புளோரிடாவில் ஆக்சிஜன் நிறைந்த நல்ல நீரை ஆழத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் சேமித்தபோது, அங்கே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் ஆக்சிஜன் பட்டுச் சிதைந்து, அதற்குள் இருந்த ஆர்சனிக் வெளியே வந்தது. வங்காளத்தில் ஆக்சிஜன் இல்லாததால் வந்தது இங்கே ஆக்சிஜன் உள்ளே புகுந்ததால் வந்தது. 'நிலத்துக்குள் விட்டால் நீர் தானே சுத்தமாகிவிடும்' என்ற பேச்சை நான் அரைகுறையாகத்தான் நம்புகிறேன். எந்த நிலம், எந்த நீர் என்று கேட்காமல் சொல்ல முடியாது.

மற்றபடி அது சுத்தம் செய்வதும் உண்மைதான். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரம் 1870 முதல் ரைன் ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து நீர் எடுக்கிறது. ஆற்று நீர் கரை மணலில் ஊர்ந்து கிணற்றை அடைவதற்குள் மணற்பரல் உயிரிகள் கழிவைத் தின்றுவிடுகின்றன. வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த நம் ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டதும் இதே வேலையைத்தான்.

தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமான மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் இன்று எப்படி இருக்கிறது? சருகு நிரம்பி, சில இடங்களில் வாஷிங் மெஷின் தண்ணீரும் சேர்ந்து. மாடியிலிருந்து வரும் மழைநீர் கரைந்த ஆக்சிஜனோடு வரும். சருகும் சோப்பும் சேர்ந்தால் அது வழியிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் சந்தையில் வரிசை கீழே இறங்கத் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் மாடியைப் பெருக்கி, தொட்டியிலுள்ள சருகை அள்ளி, மேல் மணலைக் கழுவிப் போட்டுவிட்டு, வெள்ளை வாளியில் ஒரு தரம் போர் தண்ணீர் பிடித்து வையுங்கள். மழை முடிந்து மார்கழியில் இன்னொரு தரம் பிடித்து, இரண்டின் மஞ்சளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.